ஐம்பத்தெட்டாவது கேசட்டின் ஏ பக்கம்

2024 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். மேகம் இல்லை. மேல்காற்று மேலப்பாளையம் தெருவில் மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. பழைய கேசட்டுகளைப் பென்டிரைவில் மாற்றிக் கொடுக்கும் ஒரு கடையில், பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். ஒலிபெருக்கியில் ஒருவர் மிருதங்கம் வாசித்துக்கொண்டிருந்தார். அதற்கு மேலே வேறொரு ஆள் பேசினான். கூசாமல் பேசினான். யார் இந்த மடையன் என்று கேட்க வாயெடுத்தேன். கடைக்காரர் மெஷினைப் பார்ப்பதை விட்டு என்னைப் பார்த்தார். மூன்றாவது வாக்கியத்தில் எனக்கும் தெரிந்துவிட்டது.

எனக்கு வயது எழுபத்தேழு. பயிர்க் கணக்கெடுப்பில் முப்பத்து நான்கு வருடம் இருந்தேன். ஆற்றின் இரண்டு கரையிலும் எந்த வயலில் நெல், எந்த வயலில் வாழை, வாழை என்றால் எத்தனை என்று எண்ணி எழுதுவது வேலை. சாயங்காலம் கச்சேரி. 1978இலிருந்து 1995 வரை திருநெல்வேலியிலும் அக்கம்பக்கத்திலும் நடந்த ஐம்பத்தாறு கச்சேரிகளை, மடியில் வைத்த டேப் ரெக்கார்டரில் பதிந்தேன். கச்சேரிக்கு இரண்டு கேசட், ஒவ்வொன்றும் தொண்ணூறு நிமிடம். ஆக நூற்றுப் பன்னிரண்டு கேசட். எல்லாவற்றுக்கும் எண் உண்டு. எது எப்போது, யார் பாடியது, எந்த ராகம் எத்தனை நிமிடம் என்பதெல்லாம் நோட்டில் இருக்கிறது.

கச்சேரிகள் மூன்று மணி நேரத்தில் முடிவதில்லை. மூன்றாவது கேசட் போடுவதில்லை என்று எனக்கு நானே விதி வைத்திருந்தேன். விதி இல்லாவிட்டால் இந்த மாதிரிக் காரியம் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. அதனால் சுருதி சேர்க்கும்போதும், சபைத் தலைவர் பேசும்போதும், பொன்னாடை போர்த்தும்போதும் நிறுத்துப் பொத்தானை அழுத்திவிடுவேன். தனி ஆவர்த்தனத்துக்கும் அழுத்திவிடுவேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கச்சேரியின் பெரிய பாட்டு முடிந்ததும் பாடகர் ஒதுங்கிக்கொள்ள, மிருதங்கக்காரர் மட்டும் பத்துப் பதினைந்து நிமிடம் வாசிப்பார். அதுதான் தனி ஆவர்த்தனம். எங்கள் சபையில் அது காப்பி குடிக்கும் நேரமும்கூட. முக்கால்வாசிப் பேர் எழுந்துவிடுவார்கள். நான் எழுந்திருப்பதில்லை. எழுந்தால் இரண்டாவது வரிசையில் இடம் போய்விடும். உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துத் தனி எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்வேன்.

நூற்றுப் பன்னிரண்டில் நான் திரும்பப் போட்டுக் கேட்டவை முப்பத்தொன்று. மீதி எண்பத்தொன்றைக் கேட்டதில்லை. ஓட்ட ஓட்ட நாடா தேயும் என்று எங்கோ படித்திருந்தேன். கேட்காத பாட்டுக்கு எதற்கு ஒரு பீரோ என்று என் மனைவி பல வருடம் கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

இவை வெளியே வர வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடையில் கிடைத்ததும் இப்போது இணையத்தில் கிடைப்பதும் பெரும்பாலும் சென்னைக்குப் போய் நிலைத்தவர்களின் பாட்டு. போகாதவர்கள் இருந்தார்கள். பதினோராவது கச்சேரியில் பாடியவர் கடையநல்லூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூட ஆசிரியர். வெளியூரில் சாப்பிட்டால் வயிறு ஒத்துக்கொள்ளாது என்று எங்கும் போகமாட்டார். அன்று சஹானா ராகம் இருபத்தாறு நிமிடம் பாடினார். ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, நமக்கு அலுக்கப்போகிறது என்று நினைக்கும் விநாடியில் ஒரு படி இறங்கினார். அந்த மாதிரி சஹானாவை நான் வேறு யாரிடமும் கேட்டதில்லை. முப்பத்து நான்காவது கச்சேரியில் பாடிய வீரவநல்லூர்ப் பெண் கல்யாணத்துக்கு முன் மூன்றே மேடைதான் ஏறினார். காம்போதி ராகத்தில் மேலே போகும்போது குரல் ஒருமுறை உடைகிறது. அவர் சிரித்துவிட்டு அதே இடத்தை மறுபடி பிடிக்கிறார், பிடித்தும்விடுகிறார். அது இருப்பது என் பீரோவில் மட்டும்தான். அப்படி வைத்திருப்பது ஒருவகைத் திருட்டு என்று எழுபத்தைந்து வயதுக்கு மேல் தோன்ற ஆரம்பித்தது.

சென்னையில் பழைய ஒலிப்பதிவுகளைச் சேர்த்து எல்லோரும் கேட்கும்படி இணையத்தில் வைக்கும் ஓர் அமைப்பு இருக்கிறது. அவர்களுக்குப் பட்டியல் அனுப்பினேன். பதில் வந்தது. மகிழ்ச்சியாம். பங்கெடுத்தவர்களிடமோ வாரிசுகளிடமோ எழுத்தில் சம்மதம் வேண்டுமாம். கடைசி வரியில், தனி ஆவர்த்தனங்கள் பட்டியலில் காணவில்லையே, விடுபட்டுவிட்டனவா என்று கேட்டிருந்தார்கள். அந்த வரிக்கு நான் பதில் எழுதவில்லை.

பங்கெடுத்தவர்கள் மொத்தம் இருபத்தெட்டுப் பேர். இருபத்தேழு பேர் காலமாகிவிட்டார்கள். வாரிசுகள் ஒருவரும் தகராறு செய்யவில்லை. இரண்டு பேர், அவர் பாடுவாரா என்று கேட்டார்கள். உயிரோடு இருந்தவர் ஒருவர், ஸ்ரீவைகுண்டத்து மிருதங்கக்காரர். அரிசி மில் ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டு கச்சேரிக்கும் வாசித்தவர். வெளியூர்ப் பாடகர்களுக்குச் சென்னையிலிருந்து பக்கவாத்தியம் கூட்டிவர முடியாதபோது சபைக்காரர்கள் இவருக்குத் தபால் அட்டை போடுவார்கள். மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்து இறங்குவார். என் ஐம்பத்தாறில் பத்தொன்பது கச்சேரி அவர் வாசித்தவை. அவர் கையெழுத்து இல்லாமல் பத்தொன்பதும் போகாது. சஹானாவும் காம்போதியும் அந்தப் பத்தொன்பதில்தான் இருந்தன.

ஜூலையில் திருச்செந்தூர்ப் பாசஞ்சரில் போனேன். அவருக்கு வயது எண்பத்தொன்று. வலது கை ஆறு வருடமாக நடுங்குகிறது. சுவரில் போன டிசம்பர் வெள்ளத்தின் கறை என் இடுப்புக்கு நான்கு விரல் மேலே நின்றது. மருமகள் காப்பி கொண்டுவந்து வைத்தார்.

"நீரு அந்த ரெண்டாவது வரிசை ஆளுதான" என்றார் அவர். "மடியில பெட்டியை வச்சிக்கிட்டு, பச்சப் பிள்ளை கணக்கா அணைச்சிக்கிட்டு."

"ஆமா."

"நான் தனி ஆரம்பிச்சதும் குனிவீரு. செருப்பைத் தேடுதீரோன்னு நெனப்பேன்."

எதற்குக் குனிந்தேன் என்று நான் சொல்லவில்லை. தாளை எடுத்து நீட்டினேன். பேனாவையும் கொடுத்தேன்.

"கையெழுத்துத்தான, போடுதேன். மொதல்ல என் தனி ஒண்ணைப் போட்டுக் காட்டும். நான் வாசிச்சதை நான் கேட்டதே இல்லவே. ரேடியோவுல ரெண்டு தடவை வந்துச்சு. அப்ப நான் அங்கன வாசிச்சிக்கிட்டு இருந்தேன்."

"தனி இல்ல."

"எதுல?"

"எதுலயும் இல்ல. அப்ப நிறுத்திருவேன்."

"பத்தொம்பதுலயுமா?"

"பத்தொம்பதுலயும்."

அவர் காப்பியை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். "அந்த நோட்டுல என்ன எழுதியிருக்கீரு?"

படித்தேன். தனி, பதினான்கு நிமிடம், நிறுத்தம். தனி, பதிமூன்று நிமிடம், நிறுத்தம். தனி, பதினைந்து.

"நிமிசத்தை எடுத்து வச்சிருக்கீரு. வாசிப்பைத்தான் விட்டுட்டீரு."

"ஆமா."

"ரொம்பச் சரி." பேனாவை மூடி என் பக்கம் நகர்த்தினார். "மூணு மிருதங்கம் இருந்துச்சு. ஒண்ணை ஆறு கொண்டு போயிட்டு. ரெண்டு ஊறிப் போச்சு. கையும் இப்படி ஆயிட்டு. நான் நல்லா வாசிச்சேனா சுமாரா வாசிச்சேனான்னு இந்த வீட்டுல சொல்ல ஒரு ஆளு கெடையாது. இவ கல்யாணம் ஆகி வரும்போது நான் மில்லுக்கு மட்டும்தான் போய்க்கிட்டு இருந்தேன். ஒரு தனி கொண்டாரும், போடுதேன். இல்லைன்னா பைய நான் செத்தப்புறம் வந்து எம் மவன்கிட்ட வாங்கிக்கிடும்."

"அப்படிப் பேசப்படாது" என்றேன்.

"வேற எப்படிப் பேசணும்னு நோட்டுல இருந்தா வாசியும்."

திரும்பும் ரயிலில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்தொன்பது தனி, சராசரி பதினான்கு நிமிடம். இருநூற்று அறுபத்தாறு நிமிடம். மொத்தமும் மூன்று கேசட்டில் அடங்கியிருக்கும், நான்கு நிமிடம் மிச்சம் இருந்திருக்கும்.

மேலப்பாளையம் கடைக்காரரைப் பாய் என்றுதான் கூப்பிடுவேன். வளைகுடாவுக்குப் போனவர்கள் ஒரு காலத்தில் கடிதம் எழுதாமல் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். வீட்டிலிருந்தும் கேசட்டாகவே பதில் போகும். அந்தக் குரல்களைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுப்பது அவர் தொழில். அதனால் அவரிடம் ஒழுங்காக ஓடும் மெஷின் இருந்தது. என் நூற்றுப் பன்னிரண்டும் ஏற்கெனவே அவரிடம்தான் இருந்தன. எங்கேயாவது ஒரு தனி தப்பித் தங்கியிருக்கிறதா பார்க்க வேண்டும் என்றேன். நோட்டைப் பார்த்து இடம் சொல்ல, அவர் அந்தந்த இடத்துக்கு நாடாவை ஓட்டினார். பாட்டு முடியும். டக் என்று ஒரு சத்தம். உடனே தனி முடிந்த பிறகு பாடிய வரி.

ஆறாவதில் பாய் சொன்னார், "வெட்டு சுத்தமா இருக்கு அண்ணாச்சி. கறிக்கடையில கூட இந்தச் சுத்தம் வராது."

பதினோராவதாகப் பார்த்தது இருபத்தொன்பதாவது கச்சேரி, 1986, ஐம்பத்தெட்டாவது கேசட், ஏ பக்கம். பாட்டு முடிந்தது. டக் என்றது. மிருதங்கம் நிற்கவில்லை.

பொத்தான் தேய்ந்திருந்திருக்கிறது. அழுத்தினேன், பிடிக்கவில்லை. அது பிடித்துவிட்டது என்று நான் நம்பிவிட்டேன். ஒன்பது நிமிடம் பன்னிரண்டு விநாடி ஓடி, நாடா தீர்ந்து நின்றிருக்கிறது. நோட்டில் அந்தப் பக்கத்துக்கு நேரே என் கையெழுத்தில் இருந்தது: "ஏ பக்கத்தில் நாடா ஒன்பது நிமிடம் குறைவு. கம்பெனிக்குக் கடிதம் எழுதப்பட்டது." கம்பெனிக்காரர்கள் மன்னிப்புக் கேட்டு ஒரு புதுக் கேசட் அனுப்பியிருந்தார்கள். அதை நான் வாங்கிக்கொண்டேன். அதுதான் அறுபதாவது கேசட்.

ரெக்கார்டர் நின்றுவிட்டது என்று நம்பியவன் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவானோ அப்படித்தான் பேசியிருந்தேன். கூட இருந்தவர் எங்கள் ஆபீஸ் நண்பர், இப்போது இல்லை.

"எத்தனை ஆச்சி?" இது நான்.

"ஆறு."

"இன்னும் எட்டு இருக்கு. பதினாலுக்குக் கொறைய மாட்டாரு. மில்லுல மூட்டை எண்ணுத ஆளுல்லா, இங்கன வந்தும் எண்ணிக்கிட்டுக் கெடக்காரு."

நண்பர் சிரிக்கிறார். கொஞ்ச நேரம் மிருதங்கம் மட்டும். பிறகு மறுபடி நான்.

"பார்த்தீரா? தப்பிட்டாரு. ஒண்ணரை எண்ணிக்கை தள்ளி வந்து விழுதாரு. இத்தனை பேரு இருக்கான், ஒருத்தனுக்குத் தெரியல பாரும்."

பாய் மெஷினை நிறுத்தினார். "கெடச்சிட்டு அண்ணாச்சி" என்றார், துக்கம் விசாரிக்கும் குரலில்.

குரலை மட்டும் எடுக்க முடியுமா என்று கேட்டேன். அதற்கு ஒரு மென்பொருள் இருக்கிறது, வாடகைக்கு எடுக்க வேண்டும் என்றார். இரண்டு நாள் உட்கார்ந்து எடுத்தார். என் குரல் போயிற்று. கூடவே மிருதங்கத்தின் இடது பக்கத்து நாதமும் போயிற்று. தகர டப்பாவில் மழை பெய்வது போல மீதி இருந்தது.

"உங்க குரலும் அதுவும் ஒரே கனம்" என்றார் பாய். "இருந்துட்டுப் போவட்டுமே. எங்கிட்ட வாற கேசட்டுல கோழி கத்தும், குக்கர் அடிக்கும். யாரும் எடுக்கச் சொன்னதில்ல."

"அதுல யாரும் யாரையும் ஏசலையே."

"ஏசலையா? பாதிக் கேசட்டு மாமியாரைப் பத்தித்தான் அண்ணாச்சி."

ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம் என்று பத்து நாள் யோசித்தேன். சொன்னால் கையெழுத்து இல்லை. சஹானா பீரோவிலேயே இருக்கும். அந்த மனிதர் தன் வாசிப்பைக் கேட்காமலே போய்விடுவார். கையை நான் பார்த்திருந்தேன், அதிக நாள் காத்திருக்கிற கை இல்லை. கடைசியில் குரல் எடுத்தது, எடுக்காதது இரண்டையும் எடுத்துக்கொண்டு, ஒரு சின்ன ஸ்பீக்கரும் வாங்கிக்கொண்டு, புதன்கிழமை மறுபடி ஸ்ரீவைகுண்டம் போனேன்.

முதலில் தகர டப்பாவைத்தான் போட்டேன். அதுவே போதும் என்று அவர் சொல்லிவிட்டால் நல்லது என்று பார்த்தேன். அவர் அரை நிமிடம் கேட்டார்.

"இது யாரு?"

"நீருதான்."

"நான் இல்ல. எனக்கு எடது கை இருந்துச்சு."

வேறு வழியில்லை. இன்னொன்றைப் போட்டுவிட்டுச் சுவர்க் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூட்டை எண்ணும் இடம் வந்தது. வாசலில் நின்ற மருமகள் உள்ளே போய்விட்டார். மிருதங்கக்காரர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒன்றரை எண்ணிக்கை வந்தது. கையைத் தூக்கினார்.

"நிறுத்தும். இது யாரு பேசுதது?"

"நான்தான்."

"மூட்டை எண்ணினேன், சரி. அது பொய்யில்ல. தப்பிட்டேன்னு சொல்லுதீரே, அது என்ன?"

"அன்னைக்கு எனக்கு அப்படிப் பட்டுது."

"இன்னைக்கும் படுதா? தாளத்தைப் போடும். எனக்குக் கை நிக்காது, நீரு போடும்."

ஆதி தாளம், எட்டு எண்ணிக்கைச் சுற்று. பின்னால் நகர்த்தித் தொடையில் தாளம் போட்டேன். மிருதங்கம் எங்கெங்கோ போய்த் திரும்பி வந்தது. சுற்றின் முதல் எண்ணிக்கையில் நான் கையை வைத்துக் காத்திருந்தேன். அது அங்கே விழவில்லை. ஒன்றரை தள்ளித்தான் விழுந்தது.

"பார்த்தீரா" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"பாட்டைப் போடும்" என்றார் அவர். "இதுக்கு முன்னால பாடினதை. தாளத்தை விடாதயும்."

பாட்டைப் போட்டேன். எட்டு முடிந்தது. ஒன்று. இன்னும் அரை. அதற்குப் பிறகுதான் பாடகர் பல்லவியை எடுத்தார். மறுபடி போட்டேன். அப்படியேதான். நான்கு தடவை போட்டேன்.

"பாட்டு எங்கன எடுக்குதோ அங்கனதான் நான் போய்ச் சேரணும்" என்றார். "ஒண்ணரை தள்ளி எடுக்குற பாட்டு. நான் அங்கன சேர்ந்துட்டேன். நீரு சுத்து ஆரம்பிக்குற எடத்துல குத்த வச்சிக்கிட்டு எனக்காகக் காத்திருந்திருக்கீரு."

முப்பத்தெட்டு வருடமாக அவர் அன்று தப்பினார் என்றுதான் நினைத்திருந்தேன். வேறு இரண்டு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன். அதை அவரிடம் சொன்னேன்.

"அவங்க இருக்காங்களா?"

"இல்ல."

"சரி, விடும்."

ஒன்பது நிமிடம் பன்னிரண்டு விநாடியையும் முதலிலிருந்து போடச் சொன்னார். கண்ணை மூடவில்லை, தலையை ஆட்டவில்லை. மில்லில் வவுச்சர் பார்ப்பவர் போலக் கேட்டார். மிருதங்கம் பாதி வாசிப்பில் அறுந்து நின்றது.

"மிச்சம்?"

"தீந்துட்டு."

"வலது கை ஓடுது. எடது கை தூங்குது" என்றார். "இத்தனை வருசம் நான் இதைவிட நல்லா வாசிச்சேன்னு நெனச்சிக்கிட்டு இருந்துட்டேன்."

நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்னேன்.

"நீரு சொல்லாதயும்" என்றார். பிறகு, "ஆனா தப்பல" என்றார்.

தாளைக் கேட்டார். இடது கையால் வலது மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு கையெழுத்துக்கு ஒன்றரை நிமிடம் எடுத்துக்கொண்டார். கொடுக்குமுன் நிபந்தனை சொன்னார். மற்ற எதற்கும் முன்னால் இந்த ஏ பக்கம்தான் வெளியே வர வேண்டும். உள்ளபடியே வர வேண்டும்.

"அந்த மூட்டை எடத்தை மட்டுமாவது எடுத்துருவோம்" என்றேன்.

"வெட்டித்தானவே பதினெட்டு போச்சு. இதுல ஒரு விநாடி கொறைஞ்சாலும் நான் சென்னைக்கு எழுதுவேன். இன்னொண்ணு. பாட்டு இன்னார், வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார்னு போடுவாங்கல்லா, அதுக்குக் கீழ பேச்சுன்னு போட்டு உம்ம பேரைப் போடச் சொல்லும்."

சென்னைக்காரர்களுக்கு இதை எழுதியபோது மறுத்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஆவணம் என்ற முறையில் இது மதிப்புள்ளது என்று எழுதி, அப்படியே போட்டுவிட்டார்கள். பேச்சு என்ற வரியில் என் பெயர் இனிஷியலோடு இருக்கிறது. பிறகு சஹானாவும் காம்போதியும் மற்றவையும் வரிசையாக வந்தன. சஹானாவை இதுவரை எண்ணூற்று நாற்பது பேர் கேட்டிருக்கிறார்கள். ஏ பக்கத்தைக் கேட்டவர்கள் இரண்டாயிரத்துக்கு மேல். கனடாவிலிருந்து ஒருவர், அருமையான தனி, பக்கத்தில் பேசும் நபரைச் சபையைவிட்டு வெளியேற்றியிருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து மருமகள் எனக்குப் போன் செய்து, அதைத் தினமும் படித்துக் காட்டும்படி மாமா சொல்கிறார் என்றார். ஸ்பீக்கரை மிருதங்கக்காரரே வைத்துக்கொண்டார். திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பாய்க்குக் கேசட்டுக்கு நூற்றைம்பது வீதம் பதினாறாயிரத்து எண்ணூறு. குரலை எடுத்துப் பார்த்த மென்பொருளுக்கு ஆயிரத்து இருநூறு. ஸ்பீக்கர் ஆயிரத்து நானூற்று ஐம்பது. ரயிலும் பஸ்ஸும் முந்நூற்று எண்பத்தாறு. பதிவுத் தபால் தொண்ணூற்று இரண்டு. மொத்தம் பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டு ரூபாய்.